நாலு மடிப்புக் காகிதம்

என் தங்கை புருஷன் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று தெருவே சொல்லும். எனக்கு அப்படிப்பட்டவர்கள்மேல்தான் முதலில் சந்தேகம் வரும். கடிக்கிறவனிடம் யாரும் விரலைக் கொடுப்பதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவர் வேலை பார்த்த அச்சகம் மூடிப்போனது. "அண்ணா, உன் பட்டறையிலயே அவரச் சேத்துக்கயேன்" என்று தங்கை வந்து நின்றாள். பிகு பண்ணினேனே ஒழிய எனக்கு உள்ளூர சந்தோஷம். அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்குப் பத்து வயது. சோறு ஊட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, கட்டிக்கொடுத்தது எல்லாம் நான். அவள் அடுத்த தெருவில் இருக்கிறாள் என்ற நினைப்பில்தான் எனக்குத் தூக்கமே வரும். மாப்பிள்ளை வேறு எங்காவது வேலைக்குப் போனால் அவளும் மூட்டை கட்டிவிடுவாள். இந்த ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு.

வீட்டின் முன்கட்டுதான் என் தச்சுப் பட்டறை. அதில் சேர்ந்த அன்றே அவரிடம் சொன்னேன். "நான் வெச்ச அளவ மாத்தக் கூடாது மாப்ள. சந்தேகம்னா கேளுங்க." கேட்டார். கேட்டபோதெல்லாம் கத்தினேன். ஒரு கேள்விக்கு ஒன்பது திட்டு வாங்கினால் யார்தான் கேட்பார்கள்? ஆறு மாதத்தில் கேட்பதையே விட்டுவிட்டார். வேலை பழகிவிட்டது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அறுபது மரப்பெட்டிகள் செய்ய ஒப்புக்கொண்டோம். கண்ணாடித் தட்டுகளை அடுக்கி வைக்கிற பெட்டிகள். ஆணி கூடாது, நாலு மூலையும் பல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோக்க வேண்டும். அதற்காக நானே ஒரு ஜிக் செய்தேன். ரம்ப மேசைமேல் முன்னும் பின்னும் நகரும் பலகை, அதன்மேல் சின்னதாக ஒரு முளை வைத்த இன்னொரு பலகை, அவ்வளவுதான். முதல் பள்ளத்தை ரம்பத்தில் வெட்டி, அந்தப் பள்ளத்தை முளைமேல் மாட்டி அடுத்த பள்ளத்தை வெட்ட வேண்டும். முளைக்கும் ரம்பத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியாக இருந்தால், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி பலகைகள் சேரும். முடியளவு கூடினாலும் விரல் தடித்துப்போய் உள்ளே நுழையாது. அதனால் முளைப் பலகை ஒரு தடுப்புக்கட்டையில் முட்டி நிற்கும்படி வைத்து, இரண்டு போல்ட் போட்டு முறுக்கியிருந்தேன். அந்தக் கட்டையை அதன் இடத்தில் நிறுத்த நாலு நாள் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் பொறுமையாக இருந்தது அந்த நாலு நாள்தான்.

முதல் பதினைந்து பெட்டிகள் உள்ளங்கையால் அழுத்தினாலே சேர்ந்துகொண்டன.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் மரக்கடையிலிருந்து சீக்கிரமே திரும்பினேன். மாப்பிள்ளை ஜிக்மேல் குனிந்து இரும்பு ஸ்கேலால் எதையோ அளந்து, சின்ன நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நோட்டு சட்டைப்பைக்குள் போனது.

"என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான், சும்மாதான்."

சும்மா என்ற வார்த்தையை நான் நம்புவதே இல்லை. சும்மா இருக்கிறவன் எதற்கு ஸ்கேலை எடுக்கிறான்? அதற்கு முந்தின வாரம்தான் பெரிய பர்னிச்சர் கம்பெனியின் சூப்பர்வைசர் எங்கள் வாசலில் நின்று இவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். ஜிக்கின் அளவை எடுத்துக்கொண்டு போய் அங்கே கொடுக்கப்போகிறார். அவர்கள் வேலையும் வீடும் கொடுப்பார்கள். கம்பெனி இருப்பதோ ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாற வேண்டும். தங்கை போய்விடுவாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நாள்காட்டித் தாளில் ஒரு துண்டு கிழித்து, தடுப்புக்கட்டைக்கும் முளைப் பலகைக்கும் நடுவே செருகி, போல்டை முறுக்கினேன். தாள்மேலும் பலகைமேலும் சேர்ந்தாற்போல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். நான் இல்லாத நேரத்தில் ஜிக்கை யார் கழற்றினாலும் தாள் விழுந்துவிடும். திரும்ப வைத்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வேண்டுமென்றே வெளியே போய்விட்டு மத்தியானம் வந்தேன். தாள் இருந்தது. கோடும் கோட்டோடு சேர்ந்தே இருந்தது. ஆனால் அன்றைக்கு வெட்டிய பலகைகள் கைக்குச் சேரவில்லை, கொட்டாப்புளியால் தட்ட வேண்டியிருந்தது.  தாள் அசையவில்லை, அளவு மட்டும் மாறியிருக்கிறது என்றால் இந்த மனுஷன் எவ்வளவு கெட்டிக்காரன்? அளவைத் திருடுவதோடு நிற்காமல், வேலையையும் கெடுத்து, அறுபது பெட்டிகளையும் அந்தக் கம்பெனிக்கே தள்ளிவிடப் பார்க்கிறான் என்று தோன்றியது.

அவன் இவன் என்று மனதுக்குள்தான் சொன்னேன். வெளியில் மாப்ள, டீ சாப்டலாமா என்றேன்.

அடுத்த நாள் தாளை இரண்டாக மடித்து வைத்தேன். பெட்டிகள் இன்னும் இறுகின. அதற்கடுத்த நாள் நாலாக மடித்து, ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். பாதி தாளில், பாதி பலகையில். இனிமேல் அவர் அப்பன் வந்தாலும் ஏமாற்ற முடியாது. அன்று மாலை தட்டித் தட்டிச் சேர்த்ததில் ஏழு பெட்டிகள் மூலையில் பிளந்துபோயின. கையெழுத்து மட்டும் அட்சரம் பிசகாமல் இருந்தது.

ஏழாவது பெட்டியைத் தூக்கி மேசைமேல் அடித்தேன்.

"யார்கிட்ட குடுத்தீங்க அளவ?"

மாப்பிள்ளை இழைப்புளியைக் கீழே வைத்தார். "எந்த அளவு மச்சான்?"

"நடிக்காதீங்க. அந்த சூப்பர்வைசர் எதுக்கு வந்தான்?"

"டீக்கடை எங்க இருக்குன்னு கேட்டாரு."

"அதுக்கா அவ்ளோ சிரிப்பு?"

"இந்தத் தெரு டீயக் குடிச்சா நாளைக்கே வேற கடை தேடுவீங்கன்னு சொன்னேன். சிரிச்சாரு."

"நோட்ட எடுங்க."

 அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அச்சகத்தில் வேலை பார்த்தவர், எழுத்து முத்து முத்தாக இருந்தது. நான் முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. குற்றவாளியைத் தேடுகிற அவசரத்தில் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன்.

'ஜிக் தடுப்புக்கட்டை மூலையில் மரத்தூள் சேர்ந்தால் அளவு மாறும். தினம் காலையில் போல்ட் தளர்த்தி ஊத வேண்டும்.'

'மச்சான் காகிதம் செருகியிருக்கிறார். ஊதும்போது விழுந்தது. கோட்டுக்குக் கோடு பொருத்தித் திரும்ப வைத்தேன். வைத்ததை மாற்றக் கூடாது.'

'இன்று இரண்டு மடிப்பு. பலகை இறுகுகிறது.'

'இன்று நாலு மடிப்பு. ஏன் என்று தெரியவில்லை. கேட்க வேண்டாம்.'

முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். அளவு கொஞ்சம் தள்ள வேண்டுமென்றால் காகிதம் செருகுவோம், இன்னும் தள்ள வேண்டுமென்றால் மடித்துச் செருகுவோம். பட்டறையில் கால் வைத்தவனுக்கெல்லாம் தெரிந்த விஷயம். நான் செருகிய தாள்தான் முளையை ரம்பத்திலிருந்து தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது. எனக்கு அது தாளாகவே தெரியவில்லை, நான் நிறுத்திய காவல்காரனாகத் தெரிந்தது.

போல்டைத் தளர்த்தித் தாளை உருவினேன். இரண்டு துண்டுப் பலகையில் பல் வெட்டிச் சேர்த்தேன். உள்ளங்கையால் அழுத்தியதும் உட்கார்ந்துகொண்டது. அது சேராமல் போயிருக்கக் கூடாதா என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"அளவுக்குத்தான் வெச்சேன் மாப்ள. தப்பா வெச்சுட்டேன்" என்றேன். பொய் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று அவர் மேசைமேல் கிடந்த தாளை எடுத்தார். மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஓரத்தில் என் கையெழுத்தின் பாதி இருந்தது. ஜிக் பலகையில் இருந்த மீதிப் பாதியையும் பார்த்தார். "கையெழுத்து எதுக்குன்னு மட்டும்தான் எனக்குப் புரியாம இருந்துச்சு."

 அவர் சண்டை போட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். தாளை நேராக நீவி என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, பிளந்த ஏழு பெட்டிகளையும் பொறுக்கி ஓரமாக அடுக்கினார்.

அவர் வேலையை விட்டுப் போகவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார், மூலையை ஊதினார், பல் வெட்டினார். பத்தே நாளில் அறுபது பெட்டிகளும் முடிந்துபோயின. தினமும் மாலையில் கிளம்பும்போது தன் பையை என் மேசைமேல் கவிழ்த்துக் காட்டினார். சாப்பாட்டு டப்பா, துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு, அந்த நோட்டு. நான் பார்த்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைப்பார்.

"எதுக்கு மாப்ள இதெல்லாம், மன்னிச்சிருங்க" என்று இரண்டாம் நாள் கையைப் பிடித்தேன்.

"இருக்கட்டும் முதலாளி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டவர். கோபத்தில் சொன்ன மாதிரியும் இல்லை, குத்திக் காட்டுகிற மாதிரியும் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மரியாதை.

கடைசிப் பெட்டி முடிந்த அன்று தங்கை அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போக வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக என் முடி நரைத்ததைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்தார், வழக்கம்போலப் பையைக் கவிழ்த்தார்.

"என்னங்க இது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, பழக்கம்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவள் பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தைச் சிறுவயதிலிருந்து படித்தவள், அவளுக்கு நோட்டெல்லாம் தேவையில்லை.  

அவள் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றி, ஜிப்பை இழுத்து, என் முன்னால் மேசைமேல் கொட்டினாள். சீப்பு, வீட்டுச் சாவி, தலைவலி மாத்திரை, ஒரு கைக்குட்டை.

"என்னையும் பாத்துக்க அண்ணா" என்றாள். "நானும் இந்த வீட்டுலேர்ந்துதான் போறேன்."