முன்பு, பின்பு

சித்தப்பாவின் கிளினிக் கீபோர்டைத் தொட்டதும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஏதோ களிம்பு. எழுத்துகளுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் கிடந்தன. சித்தப்பா தோல் டாக்டர். அது என்ன செதில் என்று யோசிக்க நான் விரும்பவில்லை.

“சயின்ஸ் படிச்சவ, உனக்குத் தெரியாததா?” என்றார். “பழைய கம்ப்யூட்டர் போய்ச் சேந்துடுச்சு. புதுசு வெப்சைட்டுக்குள்ள போக பாஸ்வேர்டு கேக்குது. எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல.”

பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை என்றுதான் நாலு வருடமாக என்னிடம் சொல்கிறார்.

அந்த வெப்சைட்டில் என் முகம் இருக்கிறது. பதினேழு வயது முகம். இரண்டு கன்னத்திலும் சீழ் கோத்த பருக்கள். ஒன்று உடைந்து மோவாய் வரை வழிந்திருக்கும். மேலே ‘சிகிச்சைக்கு முன்பு’ என்று போட்டிருக்கும். பக்கத்தில் ‘பின்பு’ என்று ஒரு வழவழப்பான கன்னம். அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. அவர் களிம்பில் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. குணமானது வேறொரு டாக்டரிடம். படத்தை ஏற்றும்போது அடையாளத்துக்காக என் முழுப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். இணையத்தில் என் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தச் சீழ்தான்.

திங்கட்கிழமை ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்கிறேன். பத்தாம் வகுப்பு. புது டீச்சர் பெயரைத் தேடிப் பார்க்காத பிள்ளைகள் உண்டா?

“உள்ள போனதும் முதல்ல என் போட்டோவ எடுத்துடுவேன் சித்தப்பா.”

“எடுத்துக்கோம்மா. நானா வேணாங்கறேன்? பாஸ்வேர்டு இல்லாமத்தானே இத்தன நாளா முடியல.”

‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்பதை அழுத்தினேன். நிர்வாகியின் இமெயிலுக்கு ஆறு இலக்க எண் வரும், பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும் என்றது. அந்த இமெயில் இருப்பது சித்தியின் போனில். சித்தி வெளியே ரிசப்ஷனில் இருந்தார். ஓடினேன்.

“வந்துடுச்சு, வந்துடுச்சு. நாலு, ஏழு... இருடி, யாரோ கூப்புடறாங்க.”

“சித்தி, டைம் போகுது.”

“உனக்கு எப்பவும் அவசரந்தான். பரு வந்தப்பவும் இப்படித்தான், பொறுக்க மாட்டாம கிள்ளிக் கிள்ளி வச்ச.”

காத்திருந்த இரண்டு நோயாளிகள் என் கன்னத்தை உற்றுப் பார்த்தார்கள்.

எட்டாவது நிமிடம் எண் முழுதாகக் கிடைத்தது. புது பாஸ்வேர்டு வைத்தேன். உள்ளே விட்டது.

என் படம் இருந்த பக்கத்தின் ஓரத்தில் திருத்தங்களின் பட்டியல் இருந்தது. தேதி, நேரம், செய்தவர். பதினோரு திருத்தங்கள். எல்லா வரியிலும் சித்தப்பா பெயர். போன வருடம் படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். என் பிறந்தநாளன்று படத்தை எடுத்துவிடச் சொல்லி அவரிடம் அழுது கேட்டேன். அன்று சாயங்காலமும் ஒரு திருத்தம். சீழ் பளிச்சென்று தெரிய வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார்.

திரையைச் சித்தப்பா பக்கம் திருப்பினேன்.

“இதெல்லாம் நீங்கதானே?”

எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “பழைய கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேக்காமலே உள்ள விட்டுடும். உங்கிட்ட சொன்னா ஒப்பாரி வைப்ப. அந்தப் போட்டோவப் பாத்துதாம்மா பாதிப் பேரு வர்றாங்க.”

சொல்லிக்கொண்டே என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நோயாளியைப் பார்த்த கையுறையை இன்னும் கழற்றவில்லை.

“இப்ப நல்லா ஆயிட்டியே! ஒரு போட்டோ எடுத்துக்கறேன். ‘பின்பு’க்கு அசல் ஆளே கெடச்ச மாதிரி ஆச்சு.”

போனைத் தூக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு படத்தை நீக்கினேன். குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கினேன். நிர்வாகியின் இமெயில் என்ற கட்டத்தில் சித்தியுடையதை அழித்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். வெப்சைட்டிலிருந்து வெளியே வந்தேன்.

மூலையிலிருந்த வாஷ்பேசினில் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினேன். பிறகு மோவாயை.

“சரி, புது பாஸ்வேர்டு என்ன? சீட்டுல எழுதி வச்சிட்டுப் போ,” என்றார் சித்தப்பா.

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. குரல் மெதுவாகத்தான் வந்தது.

“மறந்துபோச்சு சித்தப்பா.”