மாஸ்டர் போட்ட ஜூஸ்

வெயில் காலம் வந்துவிட்டால் அந்தச் சலவைக் கடையில் மதியம் மூன்று மணிக்கு நீராவியை நிறுத்திவிடுவார்கள். கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரம் இல்லையென்றால் அங்கே வேலை செய்யும் ஐந்து பேரும் துணிகளோடு சேர்ந்து வெந்துபோயிருப்பார்கள். அப்போது குடிக்கவோ தின்னவோ ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, வீட்டிலிருந்து குளிர்ச்சியாக ஏதாவது கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கிய பாட்டில் கூடாது, அவரவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும். இது முதலாளியம்மா போட்ட சட்டம். ஒரு தடவை வேன் டிரைவர் பாட்டில் பானத்தை ஜக்கில் ஊற்றி, மேலே இரண்டு எலுமிச்சைத் துண்டுகளை மிதக்கவிட்டு ஏமாற்றப் பார்த்தார். முதலாளியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் டிரைவர் ஒழுங்காக வீட்டில் ஆரஞ்சு பிழிய ஆரம்பித்தார்.

மெஷின்காரர் தயிரை நீர்க்க அடித்து, புதினா கிள்ளிப் போட்டுக் கொண்டுவருவார். பேக்கிங் அக்கா ரொட்டிக்கு நடுவே தயிரும் வெள்ளரியும் வைத்து, ஈரத்துணி சுற்றி எடுத்துவருவார். முதலாளியம்மா திராட்சையை உறைய வைத்து ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் எல்லோரும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தது மாஸ்டரின் முறைக்குத்தான்.

மாஸ்டர் என்றால் இஸ்திரி மாஸ்டர். அவர் போடும் மடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். நான்கு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை அவர் ஒரு கேன் நிறைய இஞ்சி போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தபோது, குடித்தவர்கள் அசந்துபோய், நீங்களா போட்டீர்கள் என்று கேட்டார்கள். "பின்னே?" என்றார் மாஸ்டர். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டவர்தான். சட்டம் அப்படி இருக்கும்போது வேறென்ன சொல்வது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பிழிந்தது, அரைத்தது, வடிகட்டியது எல்லாம் அவர் மனைவி.

பாராட்டை முழுசாக விழுங்கியதோடு அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் காலிக் கேனைக் கழுவிக்கொண்டே மனைவி, "எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்பாள். "ம், குடிச்சாங்க" என்பார். நாலு பேர் டம்ளரை வழித்து நக்காத குறையாகக் குடித்ததை ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பி எங்கேயாவது போய் முடியும் என்று பயம். அவளும் அதற்கு மேல் கேட்க மாட்டாள், கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

இந்த வருஷம் அந்த நீள வாயே அவரைக் கவிழ்த்தது. பட்டன் தைக்கவும் ஓரம் அடிக்கவும் நல்ல ஆளாக யாராவது கிடைப்பார்களா என்று முதலாளியம்மா பொதுவாகக் கேட்டார். மாஸ்டர் கொஞ்சமும் யோசிக்காமல், தன் வீட்டுக்காரி கை வைத்தால் தைத்த இடம் தெரியாது என்று பெருமை அடித்துவிட்டார். அப்படியானால் திங்கட்கிழமையே வரச் சொல்லுங்கள் என்றார் முதலாளியம்மா. பஸ் ஸ்டாப் வரைக்கும் சந்தோஷமாக நடந்துபோனவருக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை ஜூஸ் முறை அவருடையது.

முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று டிரைவரிடம் கேட்டுப் பார்த்தார். ஒரு வாரமாக மாஸ்டர் ஜூஸுக்குத்தான் காத்திருக்கிறோம் என்று டிரைவர் மறுத்துவிட்டார். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, கண்டுகொள்ளாமல் இருந்துவிடச் சொல்லலாம்தான். ஆனால் அதற்கு முதலில் நான்கு வருஷக் கதையையும் அவளிடம் சொல்ல வேண்டும். இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டார். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. இந்த ஒரு தடவையாவது தானே செய்துவிட்டால், நாளைக்கு அவள் முன்னால் சொல்வது பொய்யாக இருக்காது.

முதல் நாள் வேலைக்குப் போகிறாய், நீ சிரமப்படாதே, ஜூஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

தர்பூசணியை வெட்டும்வரை பிரச்சினை இல்லை. சட்டைக்கு மடிப்பு போடும் கைதானே, துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் வந்தன. மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டார். மூடி சரியாக மாட்டாததால் சுவரில் பாதி ஏறியது. மீதியை வைத்துக்கொண்டு வடிகட்டியைத் தேடினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அந்த வீட்டில் வடிகட்டி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லா டப்பாவையும் திறந்து பார்த்து ஓய்ந்த பிறகு, தன் வேலைப் பையில் இருந்த துணி ஞாபகம் வந்தது. இஸ்திரி போடும்போது நல்ல துணி பொசுங்காமல் இருக்க மேலே விரிக்கும் மெல்லிய வெள்ளைத் துணி. சனிக்கிழமைதான் கடையில் துவைத்து, அவரே தேய்த்து மடித்து வைத்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. இதைவிடச் சுத்தமான துணி ஊரிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டு அதில் ஊற்றிப் பிழிந்தார்.

எலுமிச்சை பிழிந்தார், புதினாவைக் கசக்கிப் போட்டார், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தார். குடித்துப் பார்த்தால் என்னவோ குறைந்தது. கண்ணை மூடி மூன்று தடவை குடித்துப் பார்த்து, இஞ்சிதான் என்று கண்டுபிடித்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. தனியாக நின்று சிரித்தார். இவ்வளவுதானா விஷயம், இதற்கா பயந்தோம் என்று தோன்றியது. சாயங்காலம் சுவரைத் துடைக்கும்போதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு நீராவி நின்றது. முதலாளியம்மா வரைக்கும் எல்லோரும் டம்ளரோடு வந்து நின்றார்கள். மாஸ்டர் ஊற்ற ஊற்ற மடமடவென்று குடித்தார்கள். பேக்கிங் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மாஸ்டரின் மனைவியிடம் திரும்பினார்.

"அண்ணி, நீங்க கொடுத்து வச்சவங்க. எங்களுக்கு வாரம் ஒரு நாள். உங்களுக்கு வீட்டுல தினமும் அண்ணன் கையால."

மாஸ்டரின் கையில் இருந்த கேன் அப்படியே நின்றது. மனைவி அவரைப் பார்த்தாள். அப்புறம் டம்ளரைப் பார்த்தாள். அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. இப்போது சொல்லப்போகிறாள், மானம் கப்பலேறப் போகிறது என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"போன வருஷம் ஒரு வெள்ளரிக்கா ஜூஸ் கொண்டாந்தாரே, அது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அதைக் குடித்த அன்றைக்குத்தான் தனக்குத் தலைவலி விட்டது என்றார் மெஷின்காரர். மாம்பழமும் தயிரும் அடித்தது? அதை நினைத்தால் இப்போதும் எச்சில் ஊறுகிறது என்றார் டிரைவர். டம்ளரில் ஸ்பூன் குத்தி உறைய வைத்த ஆரஞ்சு? முதலாளியம்மாவே சிரித்துவிட்டு, தான் இரண்டாவது ஒன்று திருட்டுத்தனமாக எடுத்துத் தின்றதை ஒப்புக்கொண்டார். அவள் ஒன்று விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் முகம் பூரித்துக்கொண்டே போனது. நான்கு வருஷமாக "ம், குடிச்சாங்க" என்ற ஒற்றை வரியைக் கேட்டுக்கொண்டு கேன் கழுவியவள் அல்லவா. மாஸ்டர் அந்த முகத்தைப் பார்த்தார். இந்தப் பாராட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பைசா செலவில்லையே, ஏன் கொடுக்காமல் போனோம் என்று நினைத்தார். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் போய், வெட்கம்தான் மிச்சம் இருந்தது.

"அதெல்லாம் நான் போட்டதில்லை" என்றார். "எல்லாம் இவ போட்டது. நாலு வருஷமா நான் பேர் வாங்கிக்கிட்டேன். இவகிட்ட ஒரு தடவைகூட நல்லா இருந்துச்சுன்னு சொல்லலை."

டிரைவர்தான் முதலில் ஆரம்பித்தார். ரெண்டு எலுமிச்சைத் துண்டுக்கு என்னை ஒரு வருஷம் ஓட்டினீங்களே மாஸ்டர் என்று அவர் பிடித்த பிடியில் கடையே சிரித்தது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, இன்றைக்குப் போட்டது மட்டும் சத்தியமாகத் தான்தான் என்றார். யாரும் நம்பத் தயாராக இல்லை.

"இது அவரு போட்டதுதான்" என்றாள் மனைவி. "துணி வாசனை அடிக்குது."

எல்லோரும் டம்ளரை முகர்ந்து பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்கத் துணிக்குப் போடும் வாசனைத் திரவத்திலேயே கிடக்கும் மூக்குகளுக்கு அது எப்படித் தெரியும்? முதலாளியம்மா விடவில்லை. கவுன்ட்டரில் சட்டை வாங்க வந்து நின்றவரிடம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ருசி நன்றாக இருக்கிறது, ஆனால் புதுசாகத் துவைத்த சட்டை மாதிரி மணக்கிறதே என்றார்.

மாஸ்டருக்கு வேலைப் பையில் இருந்த துணி ஞாபகம் வந்தது. நடந்ததைச் சொன்னார். பேக்கிங் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு துணி மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டார். தனக்கே சிரிப்பு வந்தாலும் மாஸ்டருக்கு உள்ளுக்குள் கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் தடவை ஒன்று செய்து, அதையும் கெடுத்தாயிற்று. மீதியைக் கொட்டிவிடலாம் என்று கேனைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

"கொட்டாதீங்க" என்றாள் மனைவி.

அவள் டம்ளர் காலியாக இருந்தது. அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இருபத்திரண்டு வருஷத்துல நீங்க எனக்குப் போட்டுக் கொடுத்தது இது ஒண்ணுதான்."

மாஸ்டர் ஊற்றினார். டம்ளர் விளிம்பு வரைக்கும் நிரம்பியது. அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அவர்.

அவள் காலி டம்ளரைத் திரும்ப நீட்டினாள்.

"ம், குடிச்சேன்" என்றாள்.