சார்ட்டில் ஒட்டிய பச்சைப் பொட்டு

ஒப்பணக்காரத் தெரு பேன்சி ஸ்டோர்க்காரர் புவனாவை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார். பச்சையில் பத்து அட்டை, சிவப்பில் பத்து அட்டை ஸ்டிக்கர் பொட்டு கேட்டாள். அவள் நெற்றியில் இருந்ததோ கறுப்புப் பொட்டு.

வாங்கிய அத்தனையும் கணபதியில் மோகன்குமாரின் தொழிற்சாலைக்குப் போயின. தறிக்குப் போகிற நூலுக்குக் கஞ்சி போடும் மெஷின் செய்கிற இடம் அது. வரிசையாக மூன்று மெஷின்கள் தாமதமாகப் போய்க் கெட்ட பெயர் வந்த பிறகு, வேலையைத் திட்டம் போட்டுச் செய்யப் பயிற்சி கொடுக்கச் சொல்லி மோகன்குமார் அவளை அழைத்திருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வகுப்பு.

"புத்தகத்துல இருக்கற உதாரணமெல்லாம் வேண்டாமுங்க" என்று ஜூன் இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்தாள் புவனா. "இப்ப செய்யப்போற மெஷினையே எடுத்துக்கலாம். பல்லடம் செல்லாத்தாளம்மாவுக்குப் போறது. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி வேணுமுன்னு கேட்டிருக்காங்க. அதாவது ஜூலை பதினஞ்சு."

சுவரில் பெரிய சார்ட் ஏறியது. இடப் பக்கம் வேலைகள், மேலே வாரங்கள்.

"வேலை முடிஞ்சா பச்சைப் பொட்டு, தள்ளிப்போனா செவப்பு. ஒரே ஒரு விதி. பொருளைக் கொடுக்கறவர் ஒட்டக்கூடாது. வாங்கிக்கறவர்தான் ஒட்டணும்."

"சார்ட்டுக்குப் பூவும் வெச்சுருங்க அம்மணி" என்றார் நஞ்சுண்டன். எல்லோரும் சிரித்தார்கள். இரும்பை உருக்கி வார்க்கிற பவுண்டரிக்கு அவர் தலைவர். முதலாளியின் அக்கா வீட்டுக்காரர்; முதலாளியை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

சிரிக்காத ஒரே ஆள் சிக்கந்தர். கோட்டைமேட்டுக்காரர், இருபத்திரண்டு வருஷமாக அங்கே அசெம்பிளி ஃபோர்மேன். எல்லாப் பாகமும் வந்த பிறகுதான் அவர் வேலை தொடங்கும் என்பதால், எங்கே தாமதம் ஆனாலும் அது அவர் தலையில்தான் வந்து இறங்கும். மோகன்குமார் முந்தின வாரமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இதுவும் லேட்டாச்சுன்னா அசெம்பிளியை வெளிய கொடுத்துருவேனுங்க பாய். பீளமேட்டுச் சென்னகேசவன் கேட்டுட்டே இருக்கறார்." சிக்கந்தரும் அவருக்குக் கீழே ஆறு பேரும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

புவனா ஒவ்வொருவரிடமும் தேதி கேட்டாள்.

"மெஷினுக்கு ரெண்டு பக்கமும் நிக்கற இரும்பு ஃப்ரேம் எட்டு இருக்குதுங்களே. எப்ப கெடைக்கும்?"

"பத்து நாள்ல ஆயிருமுங்க" என்றார் நஞ்சுண்டன்.

லேத் பிரிவைக் கேட்டாள். ஆயிருமுங்க. பெயின்ட் பிரிவு? ஆயிருமுங்க. கேட்டவர் மனம் கோணாமல் ஒரு தேதி சொல்வது அங்கே மரியாதை. அந்தத் தேதியில் முடிப்பது வேறு சங்கதி.

ஜூன் இருபத்தேழு. பத்து நாள் முடிந்து ஐந்து நாளாகியும் முற்றத்தில் நாலு ஃப்ரேம்தான் கிடந்தது. சிக்கந்தர் சிவப்புப் பொட்டைக் கிள்ளி எடுக்கப் போனார். நஞ்சுண்டன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பச்சையே ஒட்டிப்போடுங்க பாய். மீதி நாலும் ரெண்டு நாள்ல வந்துரும். மாப்பிள்ளை முன்னாடி செவப்பு எதுக்குங்க?"

பதினைந்து வருஷமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். சிக்கந்தரின் மகள் கல்யாணத்தில் தன் காரையே மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொடுத்த மனிதர் நஞ்சுண்டன். சிக்கந்தர் பச்சையை ஒட்டினார். சற்று நேரத்தில் உள்ளே வந்த மோகன்குமார் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில், துவைக்க எடுத்த சட்டையோடு சிக்கந்தரின் மனைவி ரம்லா கூடத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க, இது என்ன?"

சிக்கந்தர் பார்த்தார். சட்டைக் கையில் ஒரு பச்சைப் பொட்டு.

"அது ஃபேக்டரியில ஒட்டறது."

"யாருக்கு?"

"சார்ட்டுக்கு."

"பேரன் எடுத்த வயசுல நல்ல கதைதான் சொல்றீங்க."

முழுக்கதையையும் சொன்ன பிறகுதான் காபி வந்தது. ரம்லா எதிரே உட்கார்ந்தாள். "அப்ப சாமான் வந்தா பச்சை. எட்டும் வந்துருச்சா?"

"நாலு வந்துருக்குது."

"எட்டுக்கும் சேத்துத்தானே ஒட்டுனீங்க?"

அவர் காபியை ஆற்றினார்.

"நாளைக்கு மெஷின் லேட்டானா முதலாளி அந்தச் சார்ட்டைத்தானே பார்ப்பாரு? ஃப்ரேம் ஜூன்லயே வந்துருச்சு, பாய்தான் வெச்சுட்டு உக்காந்திருந்தாருன்னு இருக்கும். அதுவும் உங்க கையால ஒட்டினது."

காபி ஆறியே போய்விட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சிக்கந்தர் மெதுவாகப் பேச்செடுத்தார். "அண்ணா, அந்தப் பொட்டை எடுத்துரலாமுன்னு இருக்கறேனுங்க."

நஞ்சுண்டன் டிபன் பாக்ஸை மூடினார். "எடுங்க. எடுத்து என் நெத்தியில ஒட்டிப்போடுங்க."

அந்த வாரம் முழுக்க சிக்கந்தர் தனியாகச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் முதலாளியும் இருந்தார். சிக்கந்தர் எழுந்து போய், நகத்தால் சுரண்டிப் பச்சையை எடுத்துவிட்டு அதே இடத்தில் சிவப்பை ஒட்டினார். "போன வாரம் நான் ஒட்டினது தப்புங்க. அன்னிக்கு நாலுதான் வந்துச்சு. இன்னிக்கு ஆறு இருக்குது."

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"என்ன மச்சான் இது?" என்றார் மோகன்குமார்.

"ஆயிருமுங்க மாப்பிள்ளை" என்றார் நஞ்சுண்டன்.

புவனா யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து நஞ்சுண்டன் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "அண்ணா, எனக்குத் தேதி வேண்டாமுங்க. அந்த ஃப்ரேம் ஊத்தற மண் பெட்டி எத்தனை இருக்குது?"

"அந்த அளவுக்கு ஒண்ணுதான்."

"வாரத்துக்கு எத்தனை ஊத்தலாம்?"

"ரெண்டு. சூடு ஆறறதுக்குள்ள பெட்டியைப் பிரிச்சா ஃப்ரேம் வெடிச்சுப்போயிரும்."

"எட்டுக்கு?"

நஞ்சுண்டன் தேவையே இல்லாமல் விரல் விட்டு எண்ணினார். "நாலு வாரம்."

"இது மொத நாளே தெரியுமுங்களா?"

"இருபது வருஷமாத் தெரியுமுங்க அம்மணி. யாரும் பெட்டியைக் கேக்கலியே. எப்ப ஆகுமுன்னுதானே கேட்டீங்க!"

லேத் பிரிவுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்படிப் பார்த்தா பெரிய துளை போடற மெஷினும் எங்ககிட்ட ஒண்ணுதானுங்க."

அன்று வகுப்பு நாலு மணி நேரம் நடந்தது. தேதி கேட்காமல் பெட்டி, மெஷின், ஆள் என்று எண்ணி எண்ணிப் புதுச் சார்ட் போட்டாள் புவனா. கடைசிக் கட்டம் ஆகஸ்ட் பதினாலில் வந்து நின்றது. நாலாவது மெஷினும் ஒரு மாதம் தாமதம். அதைத் தன் கையாலேயே வெளியே இழுத்துப் போட்டுவிட்டோமே என்று நினைத்தார் சிக்கந்தர்.

மோகன்குமார் அங்கிருந்தே பல்லடத்துக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படிங்களா அக்கா... சரிங்க அக்கா..." போனை வைத்தபோது அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

"மெஷின் வெக்கற ஷெட்டுக்கு இன்னும் கூரையே போடலையாமுங்க. போன மாசம் நம்ம ஆளு போய் ஷெட் ஆயிருமான்னு கேட்டப்ப, இல்லீன்னு எப்படிச் சொல்றதுன்னு ஆயிருமுன்னு சொல்லிப்போட்டாங்களாம்."

இந்த முறை நஞ்சுண்டன்தான் முதலில் சிரித்தார்.

"ஆவணி பொறந்ததும் ஓட்டிக்கறாங்களாம். ஆனா இனித் தேதி மாறக்கூடாதுங்கறாங்க." மோகன்குமார் சிக்கந்தர் பக்கம் திரும்பினார். "பதினாலுன்னா பதினாலு, பாய். தவறுச்சுன்னா சென்னகேசவன்தான்."

அடுத்த வாரம் கடைசி ஃப்ரேமைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அதன் பின்னாலேயே நடந்து வந்தார் நஞ்சுண்டன். "தொட்டுப் பார்த்துட்டு ஒட்டுங்க பாய்" என்றார். அன்று மத்தியானம் அவர் டிபன் பாக்ஸ் பழைய இடத்தில் திறந்தது.

அதன் பிறகும் சிவப்புப் பொட்டுகள் விழத்தான் செய்தன. துளை போடும் வேலை இரண்டு நாள் பின்தங்கியபோது அன்றைக்கே ஒட்டினார்கள்; ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து ஈடு கட்டினார்கள். அசெம்பிளிக்குச் சார்ட்டில் மூன்று வாரம் இருந்தது. சிக்கந்தருக்கு அந்த மூன்று வாரமும் முழுசாகக் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் பதினாலு, மாலை நாலு மணிக்கு லாரி கேட்டைத் தாண்டியது. சென்னகேசவன் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். அவரை மோகன்குமார்தான் வரச் சொல்லியிருந்தார்.

"அவிநாசியில இருந்து ஒரு ஆர்டர் வந்துருக்குது" என்றார் மோகன்குமார். "தீபாவளிக்குள்ள கேக்கறாங்க. பாய், ஆகுமுங்களா?"

சிக்கந்தரின் நாக்கு நுனியில் அந்த ஒரு வார்த்தை தயாராக இருந்தது. அதை விழுங்கினார்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க. பெட்டி எப்ப காலியாகுமுன்னு அண்ணன்கிட்டக் கேக்கணும். நாளைக்கு லீவு. நாளான்னிக்குப் பத்து மணிக்குச் சொல்றேனுங்க."

"எங்ககிட்டக் கொடுங்க" என்றார் சென்னகேசவன். "ஆயிருமுங்க."

"எத்தனை ஃப்ரேமுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே?" என்றார் மோகன்குமார்.

"எத்தனையா இருந்தா என்னங்க?"

மோகன்குமார் சற்றுத் தள்ளி நின்ற நஞ்சுண்டனைப் பார்த்தார். நஞ்சுண்டன் ஆபீஸுக்குள் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"டீ சாப்பிட்டுப் போங்க" என்று சென்னகேசவனிடம் சொல்லிவிட்டு, "நாளான்னிக்குப் பத்து மணிங்க பாய்" என்றபடி உள்ளே போனார் மோகன்குமார்.

சார்ட்டில் கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. புவனா பொட்டு அட்டையை நீட்டினாள். சிக்கந்தர் வாங்கவில்லை.

"வாங்கிக்கறவங்கதானே ஒட்டணும் அம்மணி? பல்லடத்துல எறக்கி, செல்லாத்தாளம்மா தொட்டுப் பார்த்துட்டுப் போன் பண்ணட்டும்."

வீட்டுக்குக் கிளம்பும் முன் சட்டைக் கை இரண்டையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.