தானாக நிற்கிற கார்

எனக்கு ஒரு காரின் மேல் பொறாமை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு மனுசனுக்கு வருகிற பொறாமையா இது? என் மனைவி றீற்றா முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்: "ஏங்க, அந்தக் காரு என்ன ஒங்களுக்குச் சக்களத்தியா?"

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜமால்தீன் ஹாஜியாரிடம் பதினொரு வருடமாக நான் சாரதி. வாரத்தில் இரண்டு நாள் கொழும்புக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவோம். முன்பு அவரே ஓட்டிக்கொண்டுதான் போனார். யுத்தம் முற்ற முற்றக் கண்டி வீதியில் சோதனைச் சாவடிகள் கூடின. ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு மைல் வரிசை. நாலடி நகர்வது, நிற்பது, கிளச்சை மிதிப்பது, விடுவது, மறுபடி மிதிப்பது. அந்த வரிசைகளிலேயே அவருடைய இடது முழங்கால் போய்விட்டது. அதனால்தான் கண்டி மஹய்யாவையில் வேலையில்லாமல் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டு வேனின் சாவியைக் கையில் கொடுத்தார்.

வேனில் ஹாஜியார் என் பக்கத்து ஆசனத்தில்தான் இருப்பார். வரிசையில் நிற்கும்போது பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி எனக்குத்தான் முதலில் தருவார். "எங்கட சிவமணிட பிரேக்குக்குத் தேத்தண்ணி சிந்தாது," என்று கொழும்புக் கடைக்காரர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பிரேக்கை அப்படிப் பூப்போல மிதித்தேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு அந்தக் கார் வந்தது. ஜப்பானில் யாரோ பாவித்துக் கழித்த வெள்ளைக் கார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி. வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதைத் தட்டிவிட்டால், முன்னால் போகிற வண்டியைப் பார்த்துப் பார்த்து இது தானாகவே போகும். முன் வண்டி மெதுவானால் மெதுவாகும், நின்றால் நிற்கும், வேகம் எடுத்தால் இதுவும் எடுக்கும். காலுக்கு வேலையே இல்லை. கிளச் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் நாள் முற்றத்தில் நின்று ஹாஜியாரின் மூத்த மகன் பஹ்மி இதையெல்லாம் விளக்கினான். நான் பக்கத்தில் துடைக்கிற துணியோடு நிற்கிறேன் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை.

"வாப்பா, இனி என்னத்துக்கு ட்ரைவர்? ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு நீங்களே போகேலும். சிவமணியண்ணன் ஈக்கிறதாலதானே செக் பொயின்ட்டுக்குச் செக் பொயின்ட் எறக்கி வெச்சி அரமணித்தியாலம் கேள்வி கேக்கிறானுகள். காருகிட்ட ஐடென்டி கேக்க மாட்டானுகளே."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"இந்த மாசம் முடியட்டும், பாப்பம்," என்றார்.

பதினொரு வருடத்துக்கு 'பாப்பம்' என்ற ஒரு சொல்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பஹ்மி மேல் கோபம் வந்திருக்க வேண்டும், அல்லது தமிழ்ப் பெயர் என்பதால் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆமிக்காரர்கள் மேல். இரண்டும் வரவில்லை. வந்ததெல்லாம் அந்தக் காரின் மேல்தான்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். கழுவச் சொன்னால் ஹாஜியாரின் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் கழுவினேன். காகங்கள் அடைகிற பலா மரத்தின் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். காலையில் கூரையெல்லாம் எச்சம். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. ஆனால் நடந்தது என்ன? ஹாஜியாரின் மனைவி ஜெஸீமா உம்மா கடையிலிருந்து நல்ல தடித்த துணியாக எடுப்பித்து, இரண்டு நாள் இருந்து, காருக்கு ஒரு போர்வை தைத்துவிட்டார். போன வருடம் டெங்குக் காய்ச்சலில் நான் படுத்தபோது அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்தது நாலு குளிசை.

அந்த மாதம் கொழும்புப் பயணம் ஒவ்வொன்றும் எனக்கு நரகம். வரிசை தொடங்கியதும் ஹாஜியார் கம்பியைத் தட்டச் சொல்வார். நான் காலை மடக்கிக்கொண்டு விருந்துக்கு வந்தவன் மாதிரி இருக்க வேண்டும். கார் போகும், நிற்கும். அவர் கோப்பையை உயர்த்திப் பிடித்துப் பார்ப்பார்.

"பாத்தியா, ஒரு சொட்டு சிந்தல்ல," என்று சொல்லி டேஷ்போர்டைத் தடவிக் கொடுப்பார். என் தோளில் ஒரு நாள்கூட அந்தக் கை பட்டதில்லை.

மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கீழே புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். வரிசை ஊர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லொறி. பக்கத்துக் குறுக்கு வீதியிலிருந்து ஆமி ட்ரக் ஒன்று வந்து, லொறிக்கும் எங்களுக்கும் நடுவில் மூக்கை நுழைத்தது.

அந்தக் காலத்துச் சாரதிகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஆமி ட்ரக்குக்குப் பின்னால் ஒட்டிப் போகவே கூடாது. அவர்களை அவர்கள் மறிக்க மாட்டார்கள். கை காட்டி அனுப்பிவிடுவார்கள். நாம் நாற்பதடி பின்னுக்கே நின்று, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, கூப்பிடும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"மொதலாளி, முன்னுக்கு ஆமி ட்ரக்குங்க. நானே பிரேக்கப் புடிச்சிக்கிறேன்," என்றேன்.

"கால எடு சிவமணி. அது பாத்துக்கொள்ளும். ஒனக்கு இந்தக் காரப் புடிக்கல்ல, அதான் இப்பிடிச் செல்ற."

காலை எடுத்தேன். லொறியை ஓரம் கட்டச் சொன்னார்கள். ட்ரக்குக்குக் கை காட்டினார்கள். அது நிற்காமல், நடை வேகத்தில் இரண்டு தார்ப்பீப்பாய்களுக்கு நடுவே புகுந்தது. எங்கள் காருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ட்ரக் ஒன்றுதான். அதுவும் பின்னாலேயே போனது. ஒரு ஆமிப் பையன் எங்களுக்கு உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

அந்த இடத்தில் நான் மிதித்திருக்க வேண்டும். என் கால் பிரேக்குக்கு மேலேதான் இருந்தது. மிதிக்கவில்லை. போகட்டும், போய்க் கெடட்டும், இவருடைய செல்லப்பிள்ளை என்ன செய்கிறது என்று இவரே கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்தேன். இரண்டு விநாடி இருக்கும். நீட்டிய கை என் ஜன்னலைக் கடந்து பின்னுக்குப் போனது. விசில் ஊதினான். துவக்கை இழுத்து லோட் பண்ணுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உயிர் மேல் ஆசை வந்து ஒரே மிதியாக மிதித்தேன். ஹாஜியாரின் தொப்பி கண்ணாடியில் போய் விழுந்தது.

நாலு பேர் ஓடி வந்தார்கள். இரண்டு பேரையும் இறக்கி, கைகளைத் தலைக்கு மேல் தூக்க வைத்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து, ஏன் நிற்கவில்லை என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் என்ன சொல்வது? கார் தானாகப் போனது என்றால், குண்டுக்குப் பயந்து நடுங்குகிற அந்தக் காலத்தில், காரையும் எங்களையும் அக்கக்காகக் கழற்றிவிடுவார்கள். நான் வாயைத் திறக்க முன்னமே ஹாஜியார் முந்திக்கொண்டார். அவருடைய சிங்களம் தண்ணீர் பட்டபாடு.

"சேர், காரில ஒரு பிழையும் இல்ல. அது தானா நிக்கிற கார். இவன்தான் பிழ விட்டான்."

அந்த நேரத்திலும் அவர் காரைத்தான் காப்பாற்றினார். இத்தனைக்கும் பிழை என்னுடையதுதான் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமலே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கால் வழுக்கிருச்சு சேர்," என்றேன்.

அதிகாரி இரண்டு அடையாள அட்டைகளையும் பார்த்தார். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். மற்றதை வயர்லெஸ்காரனிடம் நீட்டினார். என்னை வீதியோரத்தில் முழங்காலில் இருக்கச் சொன்னார்கள். காரை எடுத்துக்கொண்டு போகும்படி ஹாஜியாருக்கு உத்தரவு.

அவர் என்னிடம் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"பயப்படாத மகன். கிராம சேவகர்ட கடிதத்தோட பஹ்மிய அனுப்பிறன்."

"மொதலாளி, ஏத்தம் முழுக்க வரிசையா நிக்குதுங்களே. ஒங்க முழங்காலு?"

"இதுக்கு கிளச் இல்லியே," என்றார்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஏறுவதற்கே கஷ்டப்பட்டார். இரண்டு முறை காரைக் குலுக்கினார். திரும்பி என்னைக் கூப்பிடுவார் என்றே நினைத்தேன். அதற்குள் ஒரு மரக்கறி லொறிக்குப் பின்னால் கார் சேர்ந்துகொண்டது. லொறி நின்றது, அதுவும் நின்றது. லொறி நகர்ந்தது, அதுவும் நகர்ந்தது. வளைவில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாகப் போனது.

ஐந்து மணிக்குப் பஹ்மி மோட்டார் சைக்கிளில் கடிதத்தோடு வந்தான். கண்டியிலிருந்தும் என்னைப் பற்றிப் பதில் வந்திருந்தது. விட்டுவிட்டார்கள். எனக்கு எழும்ப முடியவில்லை. அவன்தான் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"வாப்பா வந்து சேந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஓ, அல்ஹம்துலில்லாஹ். ஏத்தத்தில ஒருக்காக்கூட பிரேக் மிதிக்கல்லயாம்."

"காரு? எங்கயாவது பட்டிச்சா? பேராதனச் சந்தியில பஸ்காரன் எடது பக்கமாத்தான் நுழைவான்."

"ஒண்டும் இல்லண்ணே."

"முன் பம்பர்ல? சின்னதா ஒரு கீறலாவது?"

பஹ்மி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு நேரம் முழங்கால்ல இருந்துட்டும் எங்கட காரப் பத்தித்தானே கவலப்படுறீங்க," என்றான். "வாப்பாக்கிட்ட கட்டாயம் செல்றன்."

அந்த மூன்று மணித்தியாலமும் நான் சாமியிடம் விடுதலை கேட்கவில்லை. ஹாஜியார் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தும், அந்தக் கார் எங்காவது மோத வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.