இந்த வருஷச் சாவு

நார்பெர்ட் மாமா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் ஷூ, கயிறு கட்டியாகிவிட்டது. இடது காலில் சாக்ஸ் மட்டும். இன்னொரு ஷூ மடியில் கிடந்தது, கை அதன்மேல் இருந்தது. சிவப்புக் கோட்டு, சிவப்புத் தொப்பி, தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. மாடிப்படி இறங்கும்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். பேஸ்பால் சீசன் முதல் ஆட்டத்தன்று என்னை எழுப்புவது அவருடைய ரேடியோதான். முதல் பந்து சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் என்றாலும் ரேடியோக்காரர்கள் விடிந்ததிலிருந்தே பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதை அவர் வீடு அதிரக் கேட்பார். அன்று நானாக எழுந்தேன். நன்றாகத் தூங்கினோமே என்று சந்தோஷம் வேறு பட்டுக்கொண்டேன்.

"மாமா, நடிக்காதீங்க" என்றேன். காப்பியைக்கூடப் போட்டு முடித்துவிட்டுத்தான் அவர் தோளைத் தொட்டேன்.

நடிக்காதீங்க என்றதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சின்சினாட்டியில் இந்த நாள் திருவிழாதான், ஆட்டத்துக்கு முன்னால் யானையோடு ஊர்வலமெல்லாம் போகும். அரசாங்க லீவு கிடையாது, ஆனால் வேலைக்குப் போகிறவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே வரமாட்டார். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லாண்டரி மட்டும் ஓடியாக வேண்டும். எந்த ஆட்டமானாலும் நோயாளிகள் படுக்கையை நனைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் லீவு வேண்டுமானால் வீட்டில் யாராவது செத்தாக வேண்டும். காலையில் எங்கள் மேற்பார்வையாளர் வெர்னெலுக்கு ஃபோன் போட்டு ஒரு சொந்தக்காரரைச் சாகடிக்க வேண்டும். சாவு எவ்வளவு அநியாயமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெர்னெல் அதை ஸ்பீக்கரில் போட்டு, துணி மடிக்கிறவர்கள் எல்லாரையும் கேட்கவைப்பாள். சிறந்த சாவுக்குப் பரிசும் உண்டு. முந்தின ராத்திரியே தன் கையால் கேக் செய்துவைத்து, செத்தவர் பெயரைக் கிரீமில் எழுதி, வேலை முடிந்ததும் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருவாள்.

சாகக் கொடுக்க எனக்கு இருந்தது ஒரே ஆள். மாமா என் அம்மாவின் தம்பி. அம்மா போனபிறகு ஒன்பது வயதில் அவர் வீட்டுக்கு வந்தவள் நான், இன்னும் கிளம்பவில்லை. என் கல்யாணம்கூட இந்த வீட்டிலிருந்து தொடங்கி இந்த வீட்டிலேயே முடிந்தது. அவரைப் பீர்ப் பீப்பாயில் மூழ்கடித்திருக்கிறேன். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கொண்டிருக்கும்போது இடி விழவைத்திருக்கிறேன். எல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். குளிர்காலம் முழுக்க யோசித்து வைத்திருப்பார். வெர்னெல் ஒரு வருஷம் சாட்சி கேட்டதற்கு, கூடத்துச் சோபாவில் மல்லாந்து படுத்து, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, போட்டோ எடு என்றார். மூச்சை அடக்கி அடக்கி முகம் தக்காளி ஆகிவிட்டது. அந்த வருஷக் கேக்கில் பாதியை அவரே தின்றார், தன் பெயர் எழுதியிருந்த பாதியை. இந்த வருஷத்துக்கு யானை. "ஊர்வலத்துல யானை மிதிச்சிடுச்சுன்னு சொல்லு கோலீ. அப்புறம் யானை மன்னிப்புக் கேட்டுச்சுன்னு சேத்துக்கோ, அப்பத்தான் நம்புவாங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. வந்த பெண்ணின் கழுத்தில் சிவப்பு மணிமாலை தொங்கியது. மாமாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவள், மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இருதயம் ரொம்ப நாளாகவே கெட்டிருந்ததால் சாவுச் சான்றிதழில் கையெழுத்துப் போட டாக்டர் ஃபோனிலேயே ஒத்துக்கொண்டார். அவர்கள் மாமாவைத் தூக்கிச் சோபாவில் கிடத்திவிட்டுப் போனார்கள். அடக்கம் செய்கிற கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். மறுமுனையில் இருந்தவர் பெயரை எழுதிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "இன்னைக்கு நாள் அப்படிங்கறதால கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நிஜமாத்தானேம்மா?" என்றார். நிஜம்தான் என்றேன். ஊர்வலம் முடிந்து பாலத்தைத் திறந்தால்தான் வண்டி வரமுடியும், இரண்டு மணி ஆகும் என்றார்.

அப்புறம், பழக்கதோஷம், வெர்னெலைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின்கள் இரைந்தன.

"வெர்னெல், மாமா செத்துட்டாரு" என்று சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பக்கம் ஓவென்று சத்தம்.

"வந்துட்டாரய்யா நம்ம ஹீரோ! இரு இரு, எல்லாரும் கிட்ட வரட்டும். ம், சொல்லு. இந்த வருஷம் எப்படி?"

"ஷூ போட்டுட்டு இருந்தாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். ஒரு ஷூ போட்டாரு. இன்னொண்ணு போடல."

பிறகு வெர்னெல் சிரித்தாள் பாருங்கள், ஃபோனை எட்டப் பிடிக்கவேண்டி வந்தது. "அடிப்பாவி! இங்க ஒருத்தன் மாமியாரைக் கழுகு தூக்கிட்டுப் போச்சுங்கறான், நீ ஒத்த ஷூல ஆளை முடிச்சிட்டியே!"

"நிஜமா வெர்னெல். சத்தியமா." எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, விக்கி விக்கி அழுதேன். அவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். "அழுதே காட்டிட்டாளே! கேக்கு உனக்குத்தான்டி. கிழவர்கிட்ட சொல்லு, சாயங்காலம் கொண்டாரேன்" என்று வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட எனக்குத் தெம்பில்லை. வெர்னெல் இன்றைக்கு நம்பினால் என்ன, நாளைக்கு நம்பினால் என்ன. எனக்கு வேண்டியது கிளென். வண்டி வருவதற்குள் அவன் வந்து தன் அப்பாவை இந்த வீட்டில் பார்த்துவிட வேண்டும்.

கிளென் மாமாவின் ஒரே மகன், இண்டியானாவில் இருக்கிறான். அத்தைக்கு உடம்பு முடியாமல் போனபோது மாமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் காலையில் பார்க்கலாம் என்று ஓர் இரவைக் கடத்திவிட்டார். அத்தை போய்விட்டாள். அன்றிலிருந்து கிளென் இந்த வாசல்படி ஏறியதில்லை. வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் வருவான். ஊர்வலம் போகிற தெருமுனையில் விடியற்காலமே மூன்று மடக்கு நாற்காலிகளைப் போட்டு எங்களுக்காகக் காத்திருப்பான். அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பந்து எறிகிறவர்களைப் பற்றிப் பேசுவார்கள், வேறு எதையும் பேசமாட்டார்கள். போன வருஷம் கிளம்பும்போது கிளென் அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டைப் பற்றி மாமா வருஷம் முழுக்கப் பேசினார். முந்தாநாள் சாண்ட்விச்சுக்கு ரொட்டி வாங்கப் போனபோது, "இந்தத் தடவை ஆட்டம் முடிஞ்சதும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடப்போறேன். வருவான்ல?" என்று கேட்டார். வருவான் மாமா என்றேன். எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை.

அவனுக்கும் ஃபோன் செய்தேன். ட்ரம்பெட்டும் மேளமுமாகக் காது கிழிந்தது.

"எங்க இருக்கீங்க? கூட்டம் அம்முது, சீட்டைக் காப்பாத்த நான் படுத்துக் கெடக்கறேன் இங்க" என்று கத்தினான்.

"கிளென், அப்பா போயிட்டாருடா."

"எங்க போனாரு?"

"செத்துட்டாரு."

"ஐயோ கோலீ, அந்த யானைக் கதைதானே? போன வாரமே எனக்கு மெசேஜ் போட்டுட்டாரு. இன்னும் யானையே வரலைன்னு சொல்லு, வந்ததும் சாகச் சொல்லு." கட்டாகிவிட்டது.

அதற்குப்பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. போட்டோ எடுத்தேன். மாமா அதே சோபாவில், அதே பக்கமாகத் தலைவைத்துக் கிடந்தார். ஜெபமாலை இல்லை, முகம் சிவக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஃபோனை உயர்த்தியபோது என்னையறியாமல், கொஞ்சம் அசையாம இருங்க மாமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "நடிப்பு தேறிடுச்சு! மொதல்ல அந்த இன்னொரு ஷூவைப் போட்டுட்டுக் கெளம்பச் சொல்லு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமாமேல் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமும் விளையாடி விளையாடி, சொந்த மகனிடம் சொல்வதற்கு ஒரு வார்த்தையைக்கூட மிச்சம் வைக்காமல் போய்விட்டாரே. செத்தார் என்பதைவிட வேறு எப்படித்தான் சொல்வது? அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் டவுனுக்கு ஓடவும் முடியாது. திரும்பத் திரும்ப ஃபோன் போட்டேன். அவன் எடுக்கவில்லை. ஊர்வலம் அந்த முனைக்கு வந்திருக்கும்.

பன்னிரண்டு மணி தாண்டி எடுத்தான். இப்போது சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது. குரலில் எரிச்சல். "வெளையாட்டுக்கு ஓர் அளவு இருக்கு கோலீ. யானைகூடப் போயிடுச்சு. வரப் பிடிக்கலைன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே? நான் ராத்திரி தூங்காம வண்டி ஓட்டி வந்திருக்கேன். அவர்கிட்ட ஃபோனைக் குடு."

கொடுக்கிறதற்கு யார் இருக்கிறார். ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவனும் அவருக்காகக் காத்திருந்தான். சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"கோலீ" என்றான். குரல் மாறியிருந்தது. "ரேடியோ ஏன் கேக்கல?"

"போடலடா."

"இன்னைக்கா?"

"அவர் இன்னைக்கு அதைப் போடவே இல்ல கிளென்."

அவன் பக்கம் யாரோ சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில், "பாலம் மூடியிருக்கு. நடந்து வரேன். எடுத்துட்டுப் போக விட்டுடாதே" என்றான்.

பாலத்தைக் கடந்து எங்கள் மேட்டுத்தெரு வரைக்கும் நடப்பது லேசில்லை. வியர்த்து வழிய வந்து சேர்ந்தபோது, கையில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. மற்ற இரண்டையும் அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறான். ஏன் இதை மட்டும் எடுத்து வந்தாய் என்று நான் கேட்கவில்லை, அது யாருடையது என்று எனக்குத் தெரியும். வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.

அவன் அழவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டிக்காரர்கள் இரண்டு மணி என்றது மூன்றரை ஆகிவிட்டது. அவர்கள் வந்து கூடத்தில் தள்ளுகட்டிலோடு நின்றபோது கிளென், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிச் சமையலறைக்குப் போய் அந்த இன்னொரு ஷூவை எடுத்துவந்தான். சோபாவின் கீழே உட்கார்ந்து அப்பாவின் காலை மடியில் வைத்துக்கொண்டான். கால் விறைத்துப்போயிருந்தது, ஷூ ஏறவில்லை. கயிற்றை முழுக்க உருவி, ஷூவின் நாக்கை வெளியே இழுத்து, மறுபடியும் முயன்றான். வண்டிக்காரர்களில் பெரியவர் உதவிக்கு ஓர் அடி வைத்தார். அவன் தலையசைத்து வேண்டாம் என்றான்.

"ரேடியோவைப் போடு கோலீ" என்றான்.

போட்டேன். மைதானத்தில் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்தது.

அந்தச் சத்தத்தில் வெளியே கார் நின்றது எங்களுக்குக் கேட்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வெர்னெல் வேலைத் துணியின்மேல் சிவப்பு ஸ்வெட்டரோடு, இரண்டு கையிலும் கேக்கை ஏந்திக்கொண்டு, சிரித்தபடி உள்ளே வந்தாள். "எங்க இருக்கு அந்தப் பொணம்? எழுந்து வந்து கேக்கு வெட்டச் சொல்லு!"

வெள்ளைக் கிரீமின்மேல் சிவப்பில் 'நிம்மதியாத் தூங்கு நார்பெர்ட்' என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் கிரீமிலேயே ஒரு ஷூ, ஒற்றை ஷூ, கயிறுகூட வைத்திருந்தாள்.

தள்ளுகட்டிலைப் பார்த்தாள். கறுப்புக் கோட்டுக்காரர்களைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது, அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். கேக்கை வைக்க ஓர் இடமில்லை, மேஜை முழுக்க ராத்திரியே நான் கட்டிவைத்திருந்த சாண்ட்விச். ரேடியோவில் அடுத்த பெயரைச் சொன்னார்கள், கூட்டம் மறுபடியும் எழுந்தது. கிளென் ஷூவுக்குள் குதிகாலை நுழைத்துவிட்டு, கயிற்றை ஒவ்வோர் ஓட்டையாகக் கோர்த்து, முடிச்சுப் போட்டான். பிறகு யார் வந்தது என்று பார்க்கத் தலையைத் திருப்பினான்.

அவன் கண் மேலே வருவதற்குள் வெர்னெல் கேக்கை நிமிர்த்தி, எழுத்து உள்பக்கமாக, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கிரீம் அவள் ஸ்வெட்டரில் அழுந்தி, இரண்டு கைகளுக்கும் நடுவே மெல்லக் கீழே வழிந்துகொண்டிருந்தது.