தளர்ந்த கம்பி

ஜெபசிங்குக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் ராக் பேண்டில் கிதாரும் பாட்டும் அவன்தான். நான் பேஸ் கிதார். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வாசித்த மறுநாள் காலை கடலில் குளிக்க இறங்கினான். அலை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து சதுரங்கப்பட்டினம் பக்கம் உடல் ஒதுங்கியது.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் அவன் அம்மா மார்கரெட் கருங்குழியிலிருந்து போன் செய்தார்.

"ரோகிணி, கொஞ்சம் வூட்டுக்கு வந்துட்டுப் போம்மா. அவன் கிதாரு ஒரு மாதிரியா கீது."

போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து கம்பிகள் சரியான சுருதியில் இருந்தன. தடித்த கம்பி மட்டும் தளர்ந்திருந்தது. ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அவன் அதை அப்படித் தளர்த்துவான். பாதி எழுதிய பாட்டு. முடிவு எங்கே என்று கேட்டால், "இன்னும் வரல மச்சி" என்பான்.

"கம்பி தானாவே தளரும் ஆன்ட்டி" என்று சொல்லிச் சுருதி சேர்த்தேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை போய்த் திறந்தால் மறுபடி தளர்ந்திருந்தது, அதே அளவு. பெட்டிக்குள் இருந்த வெல்வெட் துணி ஈரம். தொட்ட விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

கிதாரை எடுத்து, எனக்குத் தெரிந்த பாதியை வாசித்தேன். நான் நிறுத்திய இடத்திலிருந்து சமையலறையில் மார்கரெட் முணுமுணுக்க ஆரம்பித்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே, தடுமாறாமல், கடைசிவரை. அவன் மெட்டுதான். வேறு யாருக்கும் அப்படி வளைக்கத் தெரியாது.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

"தினம் காலையில வாசிக்கிறானே. உனக்குக் கேக்கல?"

அவரைப் பாடவைத்துப் போனில் பதிந்தேன். கிதாரை இருந்தபடியே வைத்து, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஞாயிறு திருப்போரூரில் ஒரு ஸ்டுடியோவில் நானும் டிரம்மர் ஆதித்யாவும் பாட்டை முழுசாகப் பதிவு செய்தோம். ஜெபசிங்குக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அதை மார்கரெட்டுக்குப் போட்டுக்காட்டப் போனேன். திறந்த பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கம்பிகளை மீட்டிப் பார்த்தேன். ஆறும் சரியாக இருந்தன. துணி நன்றாகக் காய்ந்திருந்தது.

"இன்னிக்கு வரலம்மா. விடிஞ்சதுலேர்ந்து காத்துக்கினு இருக்கேன்."

வேறென்ன செய்வதென்று தெரியாமல் பாட்டைப் போட்டேன். முடியும்வரை அசையாமல் கேட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா முடிச்சீங்க?"