பத்துப் படியும் ஒரு கொசுறும்

பூட்டுக்கடைக்காரர் முதல் தடவை ஹிப்னோதெரபிக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை, அவர் கடையின் நடுவில் கீழே இறங்கும் ஏழு படிகள் இருந்தன. கடை மாடியில். நேர் கீழே தையற்கடை. தையற்காரர் ஸ்டூல் போட்டு ஏறித் தன் கூரையைத் தட்டிப் பார்த்தார், கீறல்கூட இல்லை. மேலேயோ ஏழு படி, நல்ல மரம், கைப்பிடியோடு. ஏழாவதுக்குக் கீழே எட்டாவது இல்லை, இருட்டுதான். படி முளைத்ததைப் பற்றித் தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கடை என்றால் ஏதாவது முளைக்கத்தான் செய்யும். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அதென்ன ஏழு?

காரணம் பேரம். பத்து மாதக் கணக்கை எட்டரைக்கே பேசி முடித்துக்கொண்டு பிறந்தவன் என்று அவரைப் பற்றி அவருடைய அக்கா சொல்வாள். கடைத்தெருவில் ஒரு விதி உண்டு: பிடித்த சரக்கைப் பார்த்து முகம் மலரக் கூடாது, ‘நல்லா இருக்கு’ என்று வாயை விட்டால் போச்சு, விலை மச்சுக்கு ஏறிவிடும். மற்றவர்கள் இந்த விதியைக் கடையோடு வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் கையோடு எடுத்துப் போனார். இருபத்தாறு வருஷம் கடையின் மூலையில் உட்கார்ந்து சாவி வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவள் அவர் மனைவி. பித்தளைத் தூளும் இருமல் மிட்டாயும் கலந்த ஒரு வாசனை அவளுக்கு. பத்து நாள் கடற்கரை ஊருக்குப் போகலாம் என்று கேட்டாள். ஏழுக்கு முடித்தார். நாலாம் நாளே திரும்பிவிட்டார்கள். அவள் எதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாலும் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’முக்குள் எவ்வளவு இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பதுதான் பிறகு அவரை அரித்தது.

ஏனென்றால் கடைசி நாள் காலையில் அவள் மேஜைக்கு எதிரே வந்து நின்று என்னமோ கேட்டாள். அவர் ஒரு ஜோடிக் கதவுப் பூட்டுக்காக ஒருவரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் உள்ளங்கையை மட்டும் காட்டினார், பொறு என்று. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பை கொடுத்தார்கள்: கைப்பை, குடை, பச்சை விளிம்பு வைத்த மூக்குக்கண்ணாடி. கண்ணாடி எங்கள் வீட்டுப் பொருளே இல்லை, யாருடையதோ மாறி வந்திருக்கிறது என்று அவர் சண்டை போட்டார். அவர்கள் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அது பூட்டில்லாத சாவிகள் கிடக்கும் இழுப்பறையில் போய்க் கிடந்தது.

ஒன்றரை வருஷம் அந்தக் கேள்வியைத் தேடினார். காதில் விழுந்தது உள்ளேதானே இருக்கும், வெளியே எங்கே போகும் என்பது அவர் வாதம். அப்படித்தான் பல் வைத்தியருக்கு அடுத்த அறையில் இருந்த ஹிப்னோதெரபி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார். உட்கார்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“கடிகாரம் எங்கம்மா?”

“எந்தக் கடிகாரம் சார்?”

“மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டுவீங்களே.”

“அதெல்லாம் சினிமாவுல.”

அந்த அம்மா ஒரு படிவம் தந்தாள். தூக்கம் எப்படி, பயம் எது, என்ன வேண்டும் என்று பொறுமையாகக் கேட்டாள். சாய்வு நாற்காலியும் ஒரு போர்வையும் கொடுத்தாள். தூங்கிப் போய்விட மாட்டீர்கள், வெளிச்சத்தம் எல்லாம் கேட்கும், பிடிக்காததைச் செய்ய வைக்க என்னால் முடியாது, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்றாள். கடைசியாக, ஞாபகம் என்பது டேப்பில் பிடித்து வைத்தது அல்ல, வருவது உங்கள் மனைவி அன்று கேட்டதேதான் என்று உத்தரவாதம் தர மாட்டேன் என்றாள். பூட்டுக்கடைக்காரருக்கு அவள்மேல் அப்போதுதான் மரியாதை வந்தது. “உத்தரவாதம் வேணாம்மா. சரக்கு அசலா இல்லையான்னு பார்த்தா எனக்கே தெரியும்.”

கண்ணை மூடச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, மெதுவான குரலில், உங்களுக்கு முன்னால் பத்துப் படிகள் இறங்குகின்றன என்றாள். பழக்கதோஷம், பாதி மயக்கத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“பத்தா? ஏழுக்கு முடிச்சுக் குடுங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரி, ஏழு, உங்கள் வசதி என்றாள். அடுத்த அறையில் பல் துளைக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் படியில் அது சாவி வெட்டும் சத்தமாக மாறியது. ஏழாம் படியில் பித்தளைத் தூள் வாசனை வந்தது. கீழே, எட்டாத தூரத்தில், ஒரு கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. அதற்குமேல் கால் வைக்கப் படி இல்லை.

அந்தப் படிகள்தான் மறுநாள் கடையில் இருந்தவை. தச்சர் வந்து எட்டாவதாக ஒரு பலகை அடித்தார். மறுநாள் அது கழன்று கல்லாப்பெட்டி மேல் ஒழுங்காகக் கிடந்தது. கயிறு விட்டால் எதிலும் முட்டாமல், நனையாமல், விட்ட நீளத்துக்கு வெறுமனே திரும்பி வந்தது. தையற்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “என் தலைக்கு மேல இறங்குற சத்தம் கேக்குது அண்ணே, வந்து சேருற சத்தம்தான் கேக்கல.”

அவர் மறுபடி போனார். பத்து என்று வாயால் ஒப்புக்கொண்டு மனசுக்குள் எட்டுக்கு முடித்தார். கடையில் எட்டாவது படி வந்தது. அடுத்த வருஷம் ஒன்பது. அதோடு நின்றது. இரண்டு வருஷம் தினமும் கடை திறந்ததும் ஒன்பதாம் படிவரை இறங்கி, ஒருக்களித்த கதவிடுக்கில் அவளுடைய முழங்கை ஆடுவதைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். அந்த அம்மாவிடம் கோபித்துக்கொண்டார். “படி கட்டுறது நீங்கதான் சார். நான் எண்ணுறேன், அவ்வளவுதான்” என்றாள்.

முடிச்சை அவிழ்த்தது அக்கா. ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தாள். அவர் யாரோ ஒருவருக்குப் பூட்டை விற்று, கூடவே ஒரு சாவி வளையத்தைக் கொசுறாகப் போட்டுக் கொடுத்தார். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: “முகம் தெரியாதவனுக்குக் கொசுறு. இருபத்தாறு வருஷம் பக்கத்துல இருந்தவளுக்கு, கேட்டதுக்கு மேல ஒண்ணு, ஒரே ஒண்ணு, குடுத்திருக்கியாடா?”

அவர் கடையை அப்படியே அக்காவிடம் விட்டுவிட்டு ஹிப்னோதெரபி அம்மாவிடம் நடந்தார். நாற்காலியில் சாய்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “பதினொண்ணு எண்ணுங்கம்மா” என்றார். “பத்து அவளுக்குச் சேர வேண்டியது. ஒண்ணு கொசுறு.”

கதவு பூட்டியிருக்கவில்லை. எப்போதுமே பூட்டியிருக்கவில்லை. அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து மேஜைக்கு எதிரே வந்து நின்றாள், அன்று காலை போலவே. அவருடைய உள்ளங்கை தானாக எழுந்தது. அதை மற்றக் கையால் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பச்சை விளிம்பு. விரலில் இருந்த பித்தளைத் தூள் ஒரு பொட்டு அதில் ஒட்டியிருந்தது.

“புதுக் கண்ணாடி. எப்படி இருக்கு?”

அசல் சரக்கு. அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“நல்லா இருக்கு” என்றார். விலை ஏறினால் ஏறட்டும் என்று, “ரொம்ப நல்லா இருக்கு, உன் முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி” என்றார். அவள் நம்பாமல் கண்ணாடியை ஒரு தடவை கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். காது மட்டும் சிவந்தது.

இன்றும் பூட்டுக்கடை அங்கேதான் இருக்கிறது. படிகள் பதினொன்று, பதினொன்றாவது அகலமானது, உட்கார்ந்து பேச. காலையில் போகிறவர்களுக்குக் கடை மேஜையில் ஆள் இருக்க மாட்டார். கீழேயிருந்து தையற்காரர், ஊசியில் நூல் கோத்தபடி, தலை நிமிராமல் குரல் கொடுப்பார்: “இறங்கியிருக்காரு. இப்பதான் போய்ச் சேர்ந்தாரு, சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் உக்காருங்க.” உட்கார்ந்துகொள்கிறார்கள்.